பிள்ளை தலைக்குக் கீழே ஒரு கை

போன மாசம் என் மக போன்ல ஒரு வீடியோ காட்டினா. கண்ணையே சரியாத் திறக்காத பச்சைப் பிள்ளை. அதைத் துணியில பொதிஞ்சு மரக்கிளையில தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி தொங்க விட்டிருக்கான் ஒருத்தன். கீழ வெறும் தரை. மெத்தை இல்லை, பக்கத்துல ஒரு ஆள் இல்லை. பிள்ளை அந்தரத்துல ஆடுது, பின்னால பாட்டு ஓடுது. அதுக்குக் கீழே அம்புட்டுப் பேரும் இதயம் இதயமாப் போட்டுத் தள்ளியிருக்காக. "எம்புட்டு அழகா இருக்குல்லம்மா"ன்னு என் மகளே கேக்கா. எனக்கு வந்த ஆத்திரத்துல சோத்துத் தட்டைத் தள்ளி வச்சுட்டேன்.

"ஏன்மா இப்படிக் கோவப்படுற? அவுக பிள்ளை, அவுக தொங்க விடுறாக. உனக்கென்ன"ன்னு கேட்டா. எனக்கென்னவா? என் வேலைக் காலம் பூரா பச்சைப் பிள்ளைகளைப் படம் எடுத்துத்தான் போச்சு. அந்த வீடியோவுல பிள்ளைக்குக் கீழ ஒரு கை கட்டாயம் இருந்திருக்கணும். ஒண்ணு அந்தக் கையைக் கம்ப்யூட்டர்ல அழிச்சிருக்கான், இல்லாட்டி நிஜமாவே கை இல்லை. ரெண்டுல எதுவா இருந்தாலும் அவனை நாலு வார்த்தை கேக்கணும்போல இருந்துச்சு.

விருதுநகர்ல ஸ்டூடியோ வச்சிருக்கிற பிரவீன்ங்கிற தம்பி ரொம்ப நாளா நச்சரிச்சுக்கிட்டு இருந்தான். "ஆன்ட்டி, பிறந்த குழந்தைகளைப் பத்திரமாவும் புதுசாவும் எடுக்க எப்படித் திட்டம் போடணும்னு எழுதிக் குடுங்க, எங்க ஆளுகளுக்கு உதவும்"னு. சரி, எழுதுறேன். ஆனா அவன் கேட்ட மாதிரிப் பதமா எழுத எனக்கு வரலை. கோவமாத்தான் வருது. படிக்கிறவுக பொறுத்துக்கிடணும்.

என் பேரு மாரியம்மாள். இப்ப சூலக்கரையில மக வீட்டுல இருக்கேன். அதுக்கு முன்னாடி சிவகாசியில, காலண்டருக்குப் படம் எடுத்துக் குடுக்குற ஒரு ஸ்டூடியோவுல வேலை பாத்தேன். எங்களுக்குக் குழந்தைப் படம்தான் பேரு. பலசரக்குக் கடைச் சுவருல, முடி வெட்டுற கடைச் சுவருல கொழுகொழுன்னு தொங்குன பிள்ளைகள்ல முக்கால்வாசி எங்க மெத்தையில படுத்து எந்திரிச்சதுகதான். முதல்ல பிள்ளை அசையாமப் பிடிச்சுக்கிடுறதுக்குத்தான் என்னைச் சேத்தாக. அப்புறம் லைட்டு, அப்புறம் கேமராவே என் கைக்கு வந்துச்சு. தெருவுல "ஏ, பிள்ளை பிடிக்கிறவ வாரா, கதவைச் சாத்து"ன்னு கேலி பண்ணுவாக. "உன் பிள்ளையைக் குடு, மூக்கைத் துடைச்சுத் திருப்பித் தாரேன்"னு சொல்லிட்டு நான் பாட்டுக்குப் போவேன்.

முதலாளியை ஊரே அண்ணாச்சின்னுதான் கூப்பிடும். மெலிஞ்ச ஆள், சத்தமே வராது. வளந்த ஆளுக அம்புட்டுப் பேரும் அவருக்கு "ஏலே"தான். பிரஸ் மேனேஜரா இருந்தாலும் "ஏலே, அங்கன உக்காருலே"ம்பாரு. ஆனா மெத்தையில படுத்திருக்கிற பிள்ளைகிட்டப் பேசுறப்ப ஆளே மாறிப் போவாரு. "வாங்க. எப்ப வந்தீக? சாப்பிட்டீகளா? வயிறு நிறைஞ்சுதா? அப்பத் தூங்குங்க, நாங்க ஓரமா நின்னு எடுத்துக்கிடுறோம்." முதல் தடவை கேட்டப்ப எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. "என்னத்துக்குச் சிரிக்க? நம்ம கூப்பிட்டு வந்திருக்கிற விருந்தாளி அவுக"ன்னாரு. அதுக்கப்புறம் நான் சிரிக்கலை.

அவரு கை கழுவுறதைப் பாத்துக்கிட்டே இருக்கலாம். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு, நகத்துக்கு அடியில எல்லாம் தேய்ச்சு, கொதிக்க வச்சு உலத்துன துண்டுல துடைப்பாரு. வாட்ச், மோதிரம், சட்டைப் பையில இருக்கிற பேனா எல்லாம் வெளியே. அப்புறம் ரெண்டு உள்ளங்கையையும் உரசி, புறங்கையைத் தன் கண் இமை மேல வச்சுப் பாப்பாரு. அவரு கண்ணுக்குச் சில்லுன்னு இருந்தா பிள்ளையைத் தொட மாட்டாரு. எங்களுக்கும் அதேதான். வளையல் கழட்டணும். தாலிச் சரட்டுல ஊக்கு கோத்து வச்சிருப்போம்ல, அதை எடுத்து ஆணியில மாட்டணும். இருமல், சளின்னா ஸ்டூடியோ படியே ஏறக் கூடாது.

பிள்ளையைப் பெத்தவுக வந்து நாள் கேட்டா, அவரு முதல்ல கேக்குறது தாயைப் பத்தித்தான். "ஆத்தா எப்படி இருக்கா? தையல் ஆறிருச்சா? உக்கார முடியுதா?" அப்புறம் பிள்ளைக்கு மஞ்சக்காமாலை இருந்துச்சா, டாக்டர் பாத்துட்டாரா, பால் நல்லாக் குடிக்குதா. இதெல்லாம் சரின்னா மட்டும்தான் நாள் குடுப்பாரு. காதுகுத்து முடியாம வெளியே கொண்டு வர மாட்டோம்னு சில வீட்டுல சொல்லுவாக. சரின்னுருவாரு. கன்னத்து மைப்பொட்டைத் துடைக்கச் சொல்லி காலண்டர்க்காரன் கேட்டா, "அது ஆத்தா வச்சது, அதைத் தொட எனக்கு உரிமை இல்லைலே"ம்பாரு. வெளியே இருக்கன்குடிக்குப் போற வேனை நிறுத்திட்டு வந்து, "சட்டுன்னு முடிங்க, கோயில்ல கூட்டமாயிரும்"பாக சிலரு. "அப்பக் கோயிலுக்குப் போயிட்டு வாங்க"ன்னு கதவைச் சாத்திருவாரு. ஏன்னா பிள்ளை பால் குடிக்கணும், ஏப்பம் விடணும், தூங்கணும். தூங்குனதுக்கு அப்புறமும் கை விரல் தளர்ந்து விரியுற வரைக்கும் பொறுக்கணும். அதுக்கு முன்னாடி கேமரா மூடியைக் கழட்டவே கூடாது.

புதுசா எடுக்கணும்னா பிள்ளையை வளைக்கணும், தொங்க விடணும், பாட்டிலுக்குள்ள திணிக்கணும்னு இப்ப நினைக்காக. அண்ணாச்சி பிள்ளையை ஒண்ணும் பண்ண மாட்டாரு, பொருளைத்தான் மாத்துவாரு. ஆலிலையில கண்ணன் படுத்திருக்கிற படம் கேட்டாக. பச்சை வெல்வெட்டை இலையா வெட்டி, நரம்பு வரைஞ்சு, இலவம்பஞ்சு மெத்தை மேல விரிச்சுட்டாரு. தண்ணியைப் பின்னால வரைஞ்சு சேத்தாக. வெண்ணெய்ப் பானைக்குள்ள பிள்ளை வேணும்னாக. பானையைப் பாதியா அறுத்து, ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, முன்பக்கத்தை மட்டும் நிப்பாட்டி அதுக்குப் பின்னால மெத்தையில பிள்ளையைப் படுக்க வச்சாரு. பாக்குறவனுக்குப் பானைக்குள்ள பிள்ளை. பிள்ளைக்கு அது மெத்தை. ஜிகினா கூடாது, உதிருற பஞ்சு கூடாது, லைட்டுக் கம்பத்துக் காலுக்கு மணல் மூட்டை இல்லாம நிக்கக் கூடாது. கேமரா வாரு கழுத்துல மாட்டாம பிள்ளைக்கு மேல குனியக் கூடாது.

எல்லாத்துக்கும் மேல ஒரு சட்டம். பிள்ளை மேல எப்பவும் ஒரு கை இருக்கணும். தலை நிக்காத பிள்ளை கன்னத்துல கை வச்சு யோசிக்கிற மாதிரிப் படம் பாத்திருப்பீக. அது ஒரு படம் இல்லை, ரெண்டு படம். ஒண்ணுல தலையை நான் பிடிச்சிருப்பேன், இன்னொண்ணுல மணிக்கட்டைப் பிடிச்சிருப்பேன். ரெண்டையும் வெட்டிச் சேத்து, என் கையை மட்டும் அழிச்சிருவாக. அப்பல்லாம் பிரஷ்ஷால அழிச்சாக, அப்புறம் கம்ப்யூட்டர்ல. "மாரி, உன் கண்ணு பிள்ளை மேல இருக்கணும். கேமராவைப் பாக்குறது என் வேலை. நீ கையை எடுத்தா நான் மூடியைப் போட்டுருவேன்"ம்பாரு. ஒருநாள் என் மூக்குல ஈ உக்காந்துச்சுன்னு விரட்டக் கையைத் தூக்கினேன். அன்னைக்கு நிஜமாவே மூடியைப் போட்டுட்டுக் காப்பி குடிக்கப் போயிட்டாரு.

இப்படிப்பட்ட மனுசன் ஒருநாள் எங்கிட்ட என்ன சொன்னாருங்கிறதைத்தான் இப்பச் சொல்லப் போறேன்.

எங்களுக்கு வருசா வருசம் பட்டாசு டப்பாவுக்குப் படம் ஆர்டர் குடுக்குற கம்பெனி ஒண்ணு இருந்துச்சு. அந்த முதலாளியைப் பெரியவர்னே வச்சுக்கிடுவோம், பேரு வேணாம். அவரு வீட்டுல பேத்தி பிறந்துச்சு. பிறந்த ராசியில ஏதோ பெரிய ஆர்டர் வந்திருக்கு. உடனே மனுசனுக்கு ஒரு யோசனை. அந்த சீசனுக்குக் கம்பி மத்தாப்பு டப்பா மேல பேத்தி படம் போடணும். பிள்ளை மத்தாப்பு டப்பாக் குவியல் மேல படுத்திருக்கணும், பின்னால பூச்சட்டி, அதான் புஸ்வாணம், எரியணும். முன்னாடி நாள் வந்து சொன்னப்ப அண்ணாச்சி "பாத்துக்கிடலாம்"னாரு. பானையை அறுத்த மாதிரி இதுக்கும் ஏதாவது வழி பண்ணுவாருன்னு நான் இருந்தேன்.

காலையில கார் வந்து நின்னுச்சு. பெரியவர் இறங்கினாரு. பின்னால பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அவரு மருமக செல்வி. அதுக்குப் பின்னால ரெண்டு ஆளு அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாத் தூக்கிட்டு வாராக. நேரா பேக்கிங் ரூம்ல இருந்து வந்த டப்பாக. நான் வாசல்லயே மறிச்சேன்.

"இது உள்ள வரக் கூடாது பெரியவரே."

"காலி டப்பாம்மா. மருந்து இல்லை, மண்ணும் இல்லை."

ஒரு டப்பாவைத் திறந்து உள்ள விரலை விட்டுத் தேய்ச்சேன். விரல் நுனி வெள்ளி மாதிரி மின்னுச்சு. அலுமினியத் தூள். அங்கன எல்லாத்து மேலயும் படிஞ்சு கிடக்கும் அது. விரலைக் காட்டினேன். மனுசன் சிரிக்காரு.

"இது எங்க வீட்டு லட்சுமிம்மா. பட்டாசுக்காரன் பேத்திக்கு மருந்து வாசம் பிறந்ததுல இருந்தே பழக வேண்டாமா? தொழிலைத் தொட்டு வைக்கிறது எங்க வழக்கம்."

எனக்கு எங்க அம்மா ஞாபகம் வந்துச்சு. அவ திருத்தங்கல் பக்கம் பட்டாசு ஆலை மருந்து ரூம்ல வேலை பாத்தவ. சாயந்திரம் வீட்டுக்கு வந்தா என் தம்பி பாலுக்கு வீறிட்டு அழுவான். இவளுக்கு ரவிக்கை நனைஞ்சு வழியும். ஆனா வாசப்படி தாண்ட மாட்டா. நேரா கொல்லைக்குப் போயி, தலையோட தண்ணி ஊத்தி, சேலை மாத்தி, நகத்தை ஈர்க்குச்சியால சுரண்டி, அப்புறம்தான் பிள்ளையைத் தொடுவா. எங்க தெருவுல வேலைக்குப் போன பொம்பளைக அம்புட்டுப் பேரும் அப்படித்தான். அவளுகளுக்குத் தெரியும், அந்த வெள்ளி பிள்ளை நெஞ்சுக்குள்ள போனா என்ன பண்ணும்னு. டப்பாவுக்குள்ள மருந்து போட்டவ வழக்கம் அது. டப்பா மேல பேரு போட்டவனுக்கு வேற வழக்கம் போல.

"அந்த வழக்கத்தைப் பெரிய ஆளானதும் வச்சுக்கிடுங்க. இந்த ரூமுக்குள்ள ஒரு டப்பா வராது"ன்னேன். பெரியவர் அண்ணாச்சியைப் பாத்தாரு. அண்ணாச்சி என்னை வெளியே கூப்பிட்டாரு.

"மாரி, இந்த சீசன் பூரா இவுக ஆர்டர்ல ஓடுது. ஒரே நிமிசம். டப்பா மேல நானே பிள்ளையை வச்சு நானே பிடிச்சுக்கிடுறேன். ஒண்ணும் ஆகாது."

எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லித்தான் எங்க பக்கம் ஆனது எல்லாமே ஆகியிருக்கு. அதை யாரு சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். ஈ விரட்டக் கை தூக்குனதுக்குக் கேமராவை மூடுன மனுசன் சொல்லலாமா?

"அண்ணாச்சி, என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லுங்க, இப்பவே போயிடுறேன். அந்த டப்பா மேல பிள்ளையை வைக்க நான் விட மாட்டேன். விருந்தாளி விருந்தாளின்னீகளே. விருந்தாளியை இப்படித்தான் படுக்க வைப்பீகளா?"

அவரு கீழ பாத்துக்கிட்டு நின்னாரு. எனக்கு அந்த வேலையை விட்டா வேற கதி கிடையாது. வீட்டுக்காரரு படுத்த படுக்கை, மக பள்ளிக்கூடம் போறா. ஆனாலும் உள்ள போயி செல்வி பக்கத்துல உக்காந்தேன். பச்சை உடம்புக்காரி, பிள்ளையை மெத்தையில தூங்க விட்டுட்டு மூலையில நாற்காலியில முதுகு சாயாம இருக்கா. ஒரு வாய் தண்ணி வேணுமான்னு அவளை யாரும் கேக்கலை. பெத்தவகிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

"தாயி, உன் பிள்ளை. நீ ஒரு வார்த்தை சொல்லு"ன்னேன்.

அவ மாமனார் முகத்தைப் பாத்தா. வாயே திறக்கலை. எனக்கு அவ மேலயும் கோவம் வந்துச்சு.

கொஞ்ச நேரம் கழிச்சு எந்திரிச்சா. குழாய்க்குப் போனா. வந்ததும் எல்லாருக்கும் நான் சொல்லியிருந்தேன்ல, அதே மாதிரி முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டா. வளையலைக் கழட்டி வச்சா. தாலிச் சரட்டுல இருந்த ஊக்கை எடுத்து ஆணியில மாட்டினா. உள்ளங்கையை உரசிக்கிட்டே வந்து, மெத்தையில தூங்குன பிள்ளை தலைக்குக் கீழ வலது கையைக் கொடுத்து, பக்கத்துலயே தரையில உக்காந்துட்டா.

"பிள்ளையைத் தூக்கும்மா, டப்பா மேல வைக்கணும்"னாரு பெரியவர்.

அவ தூக்கலை.

"கையை எடு. படத்துல கை விழுது."

எடுக்கலை.

"செல்வி, உனக்குத்தான் சொல்றேன். காது கேக்கலையா?"

அவ பிள்ளையை மட்டும் பாத்துக்கிட்டு இருந்தா. நெத்தியில வேர்வை முத்து முத்தா நிக்குது. முதுகு வலி தாங்காம உதட்டைக் கடிச்சுக்கிட்டு இருக்கா. எதிர்த்து ஒரு வார்த்தை பேசலை, கையை மட்டும் எடுக்கலை. பெரியவருக்கு என்ன பண்றதுன்னே தெரியலை. மருமக கையைப் பிடிச்சு இழுக்க முடியுமா?

அண்ணாச்சி வாசல்ல நின்னு இதைப் பாத்தாரு. மறுபடி போயிக் கை கழுவினாரு. புறங்கையை இமை மேல வச்சுப் பாத்தாரு. மெத்தை பக்கத்துல குனிஞ்சு, "தூங்குங்க, அவசரமில்லை. உங்க ஆத்தா இருக்காக"ன்னாரு. அப்புறம் பெரியவர்கிட்டத் திரும்பி, "கை இருக்கட்டும். கையை நான் அப்புறம் எடுத்துத் தாரேன். டப்பாவைத் தனியா எடுத்துச் சேத்தா, அது மேலயே படுத்திருக்கிற மாதிரி வரும்"னாரு.

"மாதிரி எதுக்குய்யா? அதான் டப்பா இங்கன இருக்குல்ல?"

"படம்னாலே மாதிரிதான் பெரியவரே."

மனுசன் அப்பவும் முறுக்கிக்கிட்டுத்தான் இருந்தாரு. கடைசியில வாட்சைப் பாத்துட்டு, "சரி சரி, ராகு காலம் வந்துரும், முடிங்க"ன்னாரு. பிள்ளைக்காக இறங்கி வரலை, பெத்தவளுக்காக இறங்கி வரலை, ராகு காலத்துக்குப் பயந்து இறங்கி வந்தாரு. இதை இப்ப நினைச்சாலும் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

நான்தான் அழுத்தினேன் அந்தப் படத்தை. பிள்ளை, மெத்தை, செல்வி கை. மறுநாள் பொட்டல்ல வச்சு டப்பாக் குவியலையும் எரியுற பூச்சட்டியையும் தனியா எடுத்தோம். பிரஸ்ல கம்ப்யூட்டர்ல உக்காந்தவன் எல்லாத்தையும் சேத்து, கையை அழிச்சு, அந்த இடத்துல ரெண்டு மத்தாப்பு டப்பாவை வரைஞ்சுட்டான். கூர்ந்து பாத்தாலும் தெரியாது. அந்த டப்பா அந்த சீசன்ல போன போக்கு இருக்கே, லோடு லோடா ஏத்தினாக.

அப்புறம் ஒரு கல்யாண வீட்டுல பெரியவர் பேசிக்கிட்டு இருந்ததை என் காதால கேட்டேன். "பேத்தியைப் பட்டாசு மேலயே படுக்க வச்சு எடுத்தோம்ல. பூச்சட்டி எரியுது, பிள்ளை அசையலையே. நம்ம ரத்தம் அப்படி." சுத்தி நின்னவுக வாயைப் பொளந்து கேக்காக. அவருக்குப் பின்னால செல்வி நிக்கா. என்னைப் பாத்தா, பாத்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. பஸ்ல வீடு வந்து சேருற வரைக்கும் எனக்கு ஆறவே இல்லை.

அண்ணாச்சிகிட்டப் போயிக் கேட்டேன். "அது சேத்த படம்னு நாலு பேருக்குச் சொன்னா என்ன?" "டப்பா வாங்குறவனுக்கு அது எதுக்கு மாரி?"ன்னாரு. நல்ல மனுசன், என்னை வேலையை விட்டு அனுப்பலை, அன்னைக்கு நடந்ததைப் பத்தி ஒரு சொல் கடிஞ்சு பேசலை. ஆனா இந்த ஒரு பதிலுக்கு மட்டும் நான் அவரை மன்னிக்கவே இல்லை. ஏன்னா அடுத்த சீசன்லயே மத்த கம்பெனிக்காரங்க "அவுக மாதிரியே பட்டாசு மேல பிள்ளை வேணும்"னு கிளம்பிட்டாக. எங்க ஸ்டூடியோவுல நான் விடலை. வேற ஸ்டூடியோக்காரன் நிஜமாவே படுக்க வச்சான். அவன் எடுத்த டப்பா ஒண்ணைக் கடையில பாத்தேன். பிள்ளை விரலை வாயில வச்சிருக்கு. விரல் மின்னுது. வாங்குறவுக அதை லைட்டுன்னு நினைச்சிருப்பாக.

அண்ணாச்சி வயசாகி ஸ்டூடியோவை மூடினப்ப, "உனக்கு இங்கன இருந்து என்ன வேணும்?"னு கேட்டாரு. கை அழிக்காத அந்தப் படம் வேணும்னேன். தேடி எடுத்து, அவரே பிரிண்டு போட்டுக் குடுத்தாரு. இப்ப அவரு இல்லை.

இதெல்லாம் முடிஞ்ச கதைன்னு இருந்தேன். அந்தத் தொங்குற பிள்ளை வீடியோவைப் பாத்த ரெண்டு மூணு நாள்லயே பிரவீன் போன் பண்றான். "ஆன்ட்டி, பெரிய பார்ட்டி ஒண்ணு. பட்டாசு டப்பா தீம். அவங்க பிறந்தப்ப எடுத்த படம் மாதிரியே அவங்க பிள்ளைக்கும் வேணுமாம். இன்னைக்கே நிஜ டப்பாவோட வாராங்களாம். நீங்க பிள்ளையைப் பிடிச்சுக்கிட வரணும்." எந்தப் படம்டான்னு கேட்டேன். அனுப்பினான். டப்பாக் குவியல், எரியுற பூச்சட்டி, நடுவுல தூங்குற பிள்ளை. நான் எடுத்த படம். அதை அவன்கிட்டயும் சொன்னேன். நான் என் பிரிண்டைப் பைக்குள்ள போட்டுக்கிட்டு ஆட்டோவுல ஏறிட்டேன்.

பிரவீன் ஸ்டூடியோ ஏசி ரூம். தரையில பளபளன்னு அட்டைப் பெட்டிக. அந்தப் பேத்தி, நிவேதா, பிள்ளையை மடியில வச்சு உக்காந்திருக்கா. நல்ல பிள்ளை, என்னைப் பாத்ததும் எந்திரிக்கப் பாத்தா. சுவரோரமா செல்வி. தலை நரைச்சுப் போச்சு. என்னை அடையாளம் தெரிஞ்சுச்சுன்னு கண்ணு சொல்லுச்சு, வாய் சொல்லலை.

"என் படத்தை எடுத்தது நீங்கதானாமே ஆன்ட்டி, பிரவீன் சொன்னாரு"ன்னா நிவேதா. "தாத்தா கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பாக, நான் பட்டாசு மேல படுத்து அசையவே இல்லையாம். என் மகனும் அசைய மாட்டான் பாருங்க."

பெரியவர் போயிச் சேந்துட்டாரு. அவரு சொன்ன பொய் மட்டும் போகாம, இந்தா பெட்டி தூக்கிட்டு வந்து நிக்குது. நான் ஒரு பெட்டியைத் திறந்து உள்ள விரலை விட்டு எடுத்தேன். நிவேதா முகத்துக்கு நேரா விரலைக் காட்டினேன்.

"இது உன் மகன் மூக்குல போகணுமா?"

"என்ன ஆன்ட்டி இப்படிச் சொல்றீங்க? நான் படுத்தப்ப ஒண்ணும் ஆகலைல்ல?"

"நீ படுக்கவே இல்லை தாயி"ன்னு சொல்லிப் படத்தை எடுத்து அவ கையில குடுத்தேன். பாத்தா. திருப்பித் திருப்பிப் பாத்தா. வெள்ளை மெத்தை. ஒரு டப்பாகூட இல்லை. கன்னத்துல மைப்பொட்டோட தூங்குற பிள்ளை. தலைக்குக் கீழ வளையல் இல்லாத ஒரு கை.

"இது யாரு கை?"

நான் செல்வியைப் பாத்தேன். நிவேதாவும் திரும்பினா. செல்வி வலது கையை முந்தானைக்குள்ள இழுத்துக்கிட்டா.

"உன் தாத்தா கையை எடு எடுன்னாரு. கடைசி வரைக்கும் எடுக்கலை. அதனாலதான் உன்னைப் பட்டாசு மேல வைக்க முடியலை. டப்பா பூரா அப்புறம் ஒட்டுனது"ன்னு சொன்னேன். எனக்குக் குரல் ஏறிருச்சு. பிரவீன் ஒரு அடி பின்னால போயிட்டான்.

"ஏம்மா, இத்தனை நாளா நீ சொல்லவே இல்லை?"ன்னா நிவேதா.

"யாரு கேட்டா?"ன்னா செல்வி.

நிவேதா படத்தையும் மடியில இருந்த மகனையும் மாறி மாறிப் பாத்தா. அப்புறம் பிரவீனைக் கூப்பிட்டு, "அண்ணா, இந்தப் பெட்டியெல்லாம் வெளியே எடுத்துருங்க"ன்னா. பெட்டிக வெளியே போச்சு. நான் ஏசியை நிப்பாட்டச் சொன்னேன், தரையை ஈரத்துணி போட்டுத் துடைக்கச் சொன்னேன், மெத்தை விரிப்பை உதறி மாத்தச் சொன்னேன், லைட்டுக் கம்பத்துக்கு மணல் மூட்டை எங்கலேன்னு கத்தினேன். பிள்ளைக்குப் பசியாத்தி, தோள்ல போட்டு ஏப்பம் விட வச்சு, மெத்தையில கிடத்தினோம். விரல் விரியுற வரைக்கும் பொறுத்தோம். பிரவீன் ரெண்டு தடவை கேமரா மூடியைக் கழட்டினான். ரெண்டு தடவையும் போட வச்சேன்.

செல்விகிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலை. அவளாப் போயி முழங்கை வரைக்கும் கழுவினா. வளையலைக் கழட்டினா. ஊக்கை எடுத்து, ஆணியைத் தேடி, இல்லைன்னதும் என் கையில குடுத்தா. உள்ளங்கையை உரசிக்கிட்டே வந்து, பேரன் தலைக்குக் கீழ கையைக் கொடுத்துத் தரையில உக்காந்தா.

பிரவீன் கேமராவுக்குள்ள பாத்தான். "எல்லாம் சூப்பரா இருக்கு ஆன்ட்டி. கை மட்டும்தான்… பரவாயில்லை, நான் எடிட்ல எடுத்துடுறேன்"னான்.

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். வாயைத் திறந்தேன். அதுக்குள்ள செல்வி பேசிட்டா. பிள்ளை மேல இருந்து கண்ணை எடுக்காமலே, மெதுவாத்தான் சொன்னா.

"கை இருக்கட்டும் தம்பி. போன தடவை எடுத்துட்டாக."